பிழையுடையோனும் தலைவனே

நுழையும்முன்

குற்றமற்றவன் மட்டுமே நாடகத்தின் தலைவனாக விளங்க இயலுமா? தன் பிழையால் வீழ்ந்தவனுக்காக நாம் கண்ணீர் சிந்துவது முறையா? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

துன்பியல் தலைவன்

துன்பியல் நாடகத்தின் தலைவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும்? கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் இதற்கு விடை தந்துள்ளார். முற்றும் நல்லவன் வீழ்ந்தால் காண்போர்க்கு மனக்கசப்பே மிஞ்சும்; கொடியவன் வீழ்ந்தால் இரக்கம் பிறவாது. எனவே, இவ்விருவர்க்கும் இடைப்பட்டு, தன் பிழையொன்றால் வீழ்பவனே துன்பியலுக்கு உரியவன் என்பது அவர் கருத்து. அவன் புகழும் செல்வமும் உடையவனாதல் வேண்டும் என்றும் அவர் கூறினார்.

விற்பனையாளன் வில்லி

ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' 1949ஆம் ஆண்டு நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் தலைவன் வில்லி லோமன், 63 வயதுடைய பயண விற்பனையாளன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த நிறுவனமே அவனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறது.

வில்லி குற்றமற்றவன் அல்லன். மனைவி லிண்டாவிற்கு அவன் இரண்டகம் செய்கிறான்; மூத்த மகன் பிஃபின் சிறு திருட்டுகளைக் கண்டிக்காது மகிழ்கிறான்; பிறரால் விரும்பப்படுதலே வெற்றி என்று அவனுக்குக் கற்பிக்கிறான். அண்டை வீட்டு நண்பன் சார்லியிடம் கடன் பெறும் அவன், அந்நண்பன் தரும் வேலையை மட்டும் தன்மானத்தின் பெயரால் மறுக்கிறான். இறுதியில், 20,000 டாலர் காப்பீட்டுத்தொகை மகனுக்குக் கிடைக்கும் என்றெண்ணித் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான்.

மறுப்பும் விடையும்

இவனைத் துன்பியல் தலைவன் எனல் பொருந்தாது என்பார் இரு காரணங்கள் கூறுவர். ஒன்று, அவன் எளியவன். அரியணையிலிருந்து வீழ்ந்தால்தான் வீழ்ச்சியா? எளியவனுக்கும் துன்பியல் உரியதே என மில்லரே அவ்வாண்டில் கட்டுரை எழுதி வாதிட்டார்.

மற்றொன்று வலிமையான மறுப்பு. ஈடிப்பஸ் மன்னன் உண்மையை உணர்ந்து, தன்னைத் தானே ஒறுத்துக்கொண்டான். வில்லியோ இறுதிவரை கனவினின்று விழிக்கவில்லை. இஃது உண்மையே. ஆயினும், தான் மிகச் சாதாரணமானவன் என்று பிஃப் தந்தையின் முன் அழும்போது, வில்லி அறியத் தவறியதை மகன் அறிகிறான்; அரங்கில் இருப்போரும் அறிகின்றனர். மகனின் அன்பை மட்டும் புரிந்துகொண்ட வில்லி, அவ்வன்பிற்கு விலையாக உயிரைத் தர முற்படுவதே அவன் பிழைகளுள் பெரும்பிழை. மகன் வேண்டியது பணமன்று, பொய்யற்ற வாழ்வு.

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கன்வழித் தோன்றும் என்கிறது தொல்காப்பியம். குடிப்பிறப்பின் உயர்வை அது நிபந்தனையாக்கவில்லை. வேலை பறிபோன இளிவும், மகனின் மதிப்பை இழந்த இழவும், முன்னைய நிலை கெட்ட அசைவும், கடன்பட்ட வறுமையும் வில்லியிடம் ஒருங்கே காணப்படுகின்றன.

ஆகவே, பிழை ஒருவனைத் துன்பியல் தலைவன் என்னும் தகுதியினின்று நீக்குவதில்லை. பிழைக்கு நடுவிலும் அவன்பால் அன்பு எஞ்சியிருப்பதே நம்மை இரங்கச் செய்கிறது. வில்லியின் பிழையை ஏற்காமலே அவனுக்காக வருந்தலாம். இரக்கம் வேறு, உடன்பாடு வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே துன்பியல் நாடகத்தின் பயன்.