கருவி வந்துவிட்டது, ஆசிரியருக்கு நேரம் எங்கே?

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. வகுப்பறைக்குள் கணினியும் திரையும் வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால், வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் கல்வித் துறையில் வேரூன்றிவருவதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. கருவியைக் கையாளும் ஆசிரியருக்குத் தயாரித்துக்கொள்ள நேரம் வேண்டும். பழுதானால் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். எந்தப் பாடத்துக்கு எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும் உரிமை வேண்டும். இந்த மூன்றும் கிடைக்காத வரை, கோடிக்கணக்கில் செய்த செலவின் பலன் பிள்ளைகளைப் போய்ச் சேராது.

தமிழ்நாடு செய்திருப்பது குறைவு இல்லை. 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் வந்தது. 2023-ல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி வந்தது. 2024-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்களும் அறிவிக்கப்பட்டன. அரசுப் பள்ளிப் பிள்ளையும் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இணையான வசதியைப் பெற வேண்டும் என்ற நோக்கம் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. அந்த நோக்கம் நிறைவேற வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திரை எங்கே உதவும்?

பத்தாம் வகுப்பில் மனித இதயத்தைக் கரும்பலகையில் வரைவோம். நான்கு அறைகளைக் குறிப்போம். சிவப்பு, நீல சாக்பீஸால் அம்புக்குறி போடுவோம். ஆனால், அந்தப் படத்தில் ரத்தம் ஓடாது, வால்வு மூடித் திறக்காது. ‘லப்’, ‘டப்’ என்ற ஒலிகள் வால்வுகள் மூடுவதால் வருகின்றன என்பதை மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள். ஹைடெக் லேபில் இதயம் துடிப்பதைத் திரையில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டிய அன்று, கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, “டீச்சர், அந்த வால்வு சரியா மூடலைன்னா ரத்தம் திரும்பி வந்துடுமா?” என்று கேட்டாள். பாடநூலின் கேள்வி பதிலில் அது இல்லை. அவளே யோசித்துக் கேட்ட கேள்வி அது. இதய வால்வு நோயைப் பற்றி அன்றைக்குப் பேச முடிந்தது.

மின்னோட்டவியலும் அப்படித்தான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ‘ஃபெட்’ மென்பொருள்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் மாணவர்களே பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் இழுத்துவந்து மின்சுற்று அமைக்கலாம். எலக்ட்ரான்கள் நகர்வதும் தெரியும். பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். குறுக்குச் சுற்று ஏன் ஆபத்து என்பதை இதைவிடப் பாதுகாப்பாகக் கற்றுத்தர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அண்டம் பற்றிய பாடத்துக்கு ‘ஸ்டெல்லேரியம்’ என்ற இலவச மென்பொருளில் எங்கள் ஊரின் அட்சரேகையைக் கொடுத்து அன்றிரவு வானத்தைக் காட்டுவேன். இரவில் வீட்டு வாசலில் நின்று வியாழனைத் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதே நேரத்தில், குவிலென்ஸ் பாடத்துக்கு நான் திரையின் பக்கமே போவதில்லை. ஒரு லென்ஸ், ஒரு மெழுகுவத்தி, ஒரு வெள்ளைத் தாள் போதும். சன்னலைச் சாத்திவிட்டுத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தும்போது, சுடரின் பிம்பம் தலைகீழாகத் தெளிந்து வரும். அந்த இடத்தைப் பிள்ளையின் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். விதை முளைப்பதைக் காணொளியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஈரப்பஞ்சில் மொச்சையைப் போட்டுக் காத்திருக்கும்போது கிடைக்கிற பொறுமையும் கவனிப்பும் அந்த இரண்டு நிமிடத்தில் வராது.

கண்ணுக்குத் தெரியாதது, கைக்கு எட்டாதது, தொட்டால் ஆபத்தானது: இவற்றுக்குத் திரை வேண்டும். தொட்டும் முகர்ந்தும் அளந்தும் அறியக்கூடியதைக் கைக்கே விட்டுவிட வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யக்கூடியவர் பாடத்தையும் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் அறிந்த ஆசிரியர் மட்டுமே.

பள்ளியில் நடப்பது

ஆனால், நடைமுறை வேறாக இருக்கிறது. எங்கள் ஹைடெக் லேபின் யுபிஎஸ் பேட்டரி காலாண்டுத் தேர்வுச் சமயத்தில் செயலிழந்தது. புகார் பதிவுசெய்தோம், புகார் எண்ணும் வந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகும் யாரும் வரவில்லை. மலையடிவார ஊர்களில் மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதிப் பாடத்தில் இருபது கணினிகளும் ஒரே நேரத்தில் அணைந்துபோனால், அவற்றை மீண்டும் இயக்கி மாணவர்களை விட்ட இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் மணி அடித்துவிடும்.

லேப் நன்றாக இயங்கும் நாள்களில் அது எங்களுக்குக் கிடைப்பது அரிது. இணையவழித் தேர்வுகளுக்கும் மதிப்பீடுகளுக்கும் அதன் நேரம் போய்விடுகிறது. கற்பிப்பதற்காக வந்த அறை பெரும்பாலும் சோதிப்பதற்கான அறையாகிவிட்டது. கணினி என்றாலே பரீட்சை என்று மாணவர்கள் நினைக்கத் தொடங்கியிருப்பது எனக்கு வேதனையைத் தருகிறது.

பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு நல்ல யோசனை. ஆனால், அதைத் திறக்க ஒரு ஸ்மார்ட்போனும் நெட்டும் வேண்டும். எங்கள் பகுதியில் பல குடும்பங்களில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான் உண்டு. கட்டட வேலைக்காக வெளியூர் போகும் அப்பா அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். வகுப்பில் அந்தக் கோடு பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தப் போனில், ஆசிரியரின் சொந்த டேட்டாவில்தான் திறக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு நேரம். மாணவர் வருகை, நலத்திட்டப் பொருள் விநியோகம், மதிப்பெண், உடல்நலக் குறிப்பு என்று கல்வித் துறையின் தகவல் பதிவுத் தளமான எமிஸில் ஏற்ற வேண்டியவை பெருகிக்கொண்டே போயின. ஹைடெக் லேபுக்கும் எமிஸ் பதிவுக்குமென ஒப்பந்த அடிப்படையில் ஆட்கள் அமர்த்தப்பட்ட பிறகு பல பள்ளிகளில் சுமை குறைந்திருக்கிறது. அது நல்ல முடிவு. ஆனாலும், ‘இன்று மாலைக்குள் பதிவேற்றவும்’ என்ற வாட்ஸ்அப் தகவல் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வருவது நிற்கவில்லை. ஒரு மின்சுற்று மென்பொருளை ஆசிரியர் தானே செய்து பார்த்து, எந்த இடத்தில் நிறுத்தி எந்தக் கேள்வியைக் கேட்பது என்று திட்டமிடக் குறைந்தது ஒரு பாடவேளை வேண்டும். எங்கள் கால அட்டவணையில் அதற்கென்று இடமே இல்லை.

பெரு முதல் டெல்லி வரை

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் நிறையச் சான்றுகள் உண்டு. தென்னமெரிக்க நாடான பெரு, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை மிகப் பெரிய அளவில் செயல்படுத்தியது. அங்கே 319 ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2012-ல் வெளியான ஆய்வு, கணினிகள் பெருகிய பிறகும் மாணவர்களின் கணிதத் திறனிலோ மொழித் திறனிலோ முன்னேற்றம் தென்படவில்லை என்று கண்டது. பள்ளிக் கணினிகளுக்குப் பெரும் முதலீடு செய்த நாடுகளின் மாணவர்கள் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டவில்லை என்று பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2015-ல் சொன்னது. ஸ்வீடன் அரசு 2023-ல் அச்சிட்ட பாடநூல்களை மீண்டும் வாங்கப் பள்ளிகளுக்குத் தனியாக நிதி ஒதுக்கியது.

இந்தச் செய்திகளைக் காட்டி, கணினியே வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் டெல்லியில் நடந்த ஓர் ஆய்வையும் படிக்க வேண்டும். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோரும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 2019-ல் வெளியானது. அரசுப் பள்ளி மாணவர்கள் பள்ளி முடிந்த பிறகு ஒரு மையத்துக்கு வந்தார்கள். 45 நிமிடம் கணினியில் பயிற்சி, 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் ஆசிரியரிடம் பாடம். அவர்களில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருள் ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறாரோ அங்கிருந்து தொடங்கியது. நான்கரை மாதத்தில் மையத்துக்கு வந்தவர்களுடைய கணித முன்னேற்றம் மற்ற மாணவர்களைப் போல இரு மடங்காக இருந்தது.

பெருவில் பெட்டி வந்தது, கற்பித்தல் மாறவில்லை. டெல்லியில் மென்பொருள் பிள்ளையின் நிலைக்கு இறங்கி வந்தது, பக்கத்தில் ஆளும் இருந்தார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பின்தொடர்வது எந்த ஆசிரியருக்கும் கடினம். கணினி உண்மையிலேயே தோள்கொடுக்கக்கூடிய இடம் அது. நாமோ எல்லாருக்கும் ஒரே காணொளியைக் காட்டுகிறோம்.

பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் திரை மட்டும் போதாது என்பதைக் கரோனா காலத்தில் நம் மாநிலமே கண்டது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சி தன்னால் முடிந்ததைச் செய்தது. ஆனாலும், விட்டுப்போன கற்றலை மீட்க அரசு நம்பியது ‘இல்லம் தேடிக் கல்வி’த் தன்னார்வலர்களைத்தான். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாலை நேரத்தில் தெருத்திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து ஊர்ப் பெண்களே சொல்லிக்கொடுத்தார்கள். கற்றலுக்கு எதிரே ஒரு மனிதர் வேண்டும் என்பதை அரசு அன்று சரியாகவே புரிந்துகொண்டிருந்தது.

பக்கத்து மாநிலம் காட்டும் வழி

கேரளம் 2001-ல் ‘ஐடி@ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியபோது ஆசிரியரிடமிருந்து தொடங்கியது. ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்களை உருவாக்கியது. கட்டணமில்லாத லினக்ஸ் மென்பொருளைப் பள்ளித் தேவைக்கேற்பத் தானே வடிவமைத்துக்கொண்டது. 2017-ல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் வந்தபோது அவற்றைக் கையாளப் பழகிய ஆசிரியர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்களில் பிள்ளைகளும் தொழில்நுட்பம் பழகுகிறார்கள். அங்கேயும் குறைகள் இருக்கலாம். ஆனால், ஆட்களை முதலில் உருவாக்கிவிட்டுக் கருவியைப் பின்னால் கொண்டுவந்த அந்த வரிசை நாம் பின்பற்ற வேண்டியது.

நாம் செய்ய வேண்டியவையும் மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. ஹைடெக் லேபும் ஸ்மார்ட் போர்டும் உள்ள பள்ளிகளுக்காக ஒன்றிய அளவில் ஒரு பழுதுபார்க்கும் குழு வேண்டும். புகார் வந்த ஒரு வாரத்துக்குள் அந்தக் குழு பள்ளிக்கு வர வேண்டும். புதிய கருவி வாங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். காணொளிகளும் மென்பொருள்களும் நெட் இல்லாமலும் ஓடும்படி பள்ளிக் கணினியிலேயே ஏற்றித் தர வேண்டும். ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளையைத் தயாரிப்புக்கென்றே ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் பதிவேற்ற வேலை எதையும் தரக் கூடாது. லேபில் தேர்வுக்கு எத்தனை மணி நேரம், கற்பித்தலுக்கு எத்தனை மணி நேரம் என்று வரையறுத்து, கற்பித்தலுக்கே பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும். எந்தக் காணொளியை எந்த வாரம் காட்டுவது என்பதை வகுப்பில் நிற்பவரின் முடிவுக்கு விட்டுவிட வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் நீங்கள்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, பள்ளியில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அவற்றில் எத்தனை இயங்குகின்றன, பழுதான கருவிக்குப் புகார் கொடுத்து எத்தனை நாளாயிற்று, சென்ற மாதம் என் பிள்ளை எத்தனை பாடவேளை லேபில் உட்கார்ந்து படித்தது என்றும் கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்புங்கள். ஆசிரியர்கள் சொல்லும்போது அது கோரிக்கையாகக் கோப்பில் இருந்துவிடுகிறது. பெற்றோர் தீர்மானமாக அனுப்பினால் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு அரசுக்கு வரும்.