படகைத் தூக்கும் வளையம் எது?

புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் பால் வெட்டிய குடும்பங்கள் இன்று பல தொழில்களுக்குப் பிரிந்துவிட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் சிலாங்கூர் ஆற்றோரத்துப் படகுத் துறைகளில் அன்றாடக் கூலிக்குப் போகிறார்கள். படகைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகை எழுதுவதா என்று யாரும் சிரிக்க வேண்டாம். தூக்குகிற பாரத்தின் கீழே நிற்பவன் தொழிலாளி. ஆகவே அது நம் விஷயந்தான்.

அண்மையில் நாம் கண்ட காட்சி இது. சுமார் பதினைந்தடி நீளமுள்ள ஃபைபர் மோட்டார் படகு ஒன்றைக் கரையேற்றினார்கள். மண்வாரி இயந்திரத்தின் வாளியில் ஒரு சங்கிலி. அதன் ஒரு முனை படகின் மூக்கு வளையத்தில். மறுமுனை பின்பக்கத்தில் கயிறு கட்டும் கொம்பில். அடியில் இரண்டு பிள்ளைகள் தாங்கிப் பிடித்து நின்றார்கள். “வளையந்தான் இருக்கிறதே, மாட்டுங்கடா!” என்றார் வேலை வாங்கியவர். அன்று ஒன்றும் நேரவில்லை. நேராததையே சாட்சியாக வைத்து மறுநாளும் அப்படித்தான் தூக்குவார்கள்.

கொக்கி நுழைகிற இடமெல்லாம் தூக்குகிற இடமாகிவிடுமா? மூக்கு வளையம் பெரும்பாலும் படகை வண்டிமேல் இழுத்து ஏற்றுவதற்காக வைத்தது. கயிறு கட்டும் கொம்பு பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். நேர் மேலே இழுத்தால், வெறும் திருகாணியால் பதித்ததாயின், வேரோடு வந்துவிடும். தூக்குவதற்கென்றே செய்த வளையமானால் அதன் போல்ட்டு உடலைத் துளைத்து உள்ளே போய், அங்கே அகலமான தகட்டின்மேல் நட்டால் இறுகியிருக்கும். எந்த வளையத்தில் தூக்கலாம் என்பதைப் படகு செய்தவர் தரும் கைப்புத்தகம் சொல்லும். சொல்லாவிட்டால் வளையத்தைத் தொடவே கூடாது. தகடு இருந்தாலும் ஈரப் பலகைக்குள் புதைந்த போல்ட்டு, துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்துக்கொண்டே கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப் போவதுண்டு.

இனிக் கணக்கு. படகும் இயந்திரமும் எண்ணெயும் சேர்ந்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கயிறுகள் நேர் மேலே போனால் ஆளுக்குப் பாதி, 250 கிலோ. படகோடு 60 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் 290 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு கயிறும் முழு 500 கிலோவையும் இழுக்கும். 15 பாகையில் ஏறக்குறைய 970! நாம் பார்த்த சங்கிலி படகின்மேல் படுத்தே கிடந்தது. அத்தோடு சாய்ந்த கயிறு வளையத்தைப் பக்கவாட்டிலும் வளைக்கிறது. மழைநீர் தேங்கியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ கூடும். படகு சாய்ந்ததும் அந்த நீரெல்லாம் தாழ்ந்த பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும்.

நம்மவர் செய்யத்தக்கது கடினமானதல்ல. முதலில் நீரை இறைத்துவிட வேண்டும். வளையத்தைப் பற்றிச் சந்தேகமிருந்தால் இரண்டு அகலப் பட்டைகளைப் படகின் அடியில் கொடுத்து, அவை விலகாதபடி ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும். இயந்திரம் பின்னால் இருப்பதால் பாரமும் பின்னால்தான். கொக்கி அதற்கு நேர் மேலே வரவேண்டும். ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு மேலே போகலாம். படகு சுழலாமல் பிடிக்க நீண்ட கயிறு போதும், கை எதற்கு?

பெரிய கப்பல்களிலும் இந்த வினை உண்டு. 2013 பிப்ரவரி 10ஆம் நாள் கனாரித் தீவுகளில் ‘தாம்சன் மெஜஸ்டி’ என்ற பயணக் கப்பலில் பயிற்சிக்காக இறக்கிய உயிர்காப்புப் படகை மேலே ஏற்றும்போது கம்பி வடம் அறுந்தது. உள்ளே இருந்த கப்பல் தொழிலாளர் ஐவர் மாண்டனர். விதியும் மேற்பார்வையும் உள்ள இடத்திலேயே இப்படியென்றால், ஆற்றோரச் சேற்றில் பழைய சங்கிலியை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி அபாயம் இருப்பதாக நம்பத் தக்க காரணமிருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி விலகி நிற்கலாம் என்று அது சொல்கிறது. “பயந்தாங்கொள்ளி” என்று ஏசுவோரிடம் நம் பிள்ளைகள் இதைச் சொல்லட்டும். ஆனால் அன்றாடக் கூலிக்காரன் விலகி நின்றால் நாளை அவனைக் கூப்பிடமாட்டார்கள் என்பதையும் நாம் அறியாமலில்லை. ஆகவே பொறுப்பை அவன் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் ஓயப்போவதில்லை.

படகுக்காரர்களிடம் நாம் கேட்பது இது: ஒவ்வொரு படகிலும் அதன் எடையையும், தூக்கலாகாத வளையம் எது என்பதையும் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதி வையுங்கள். ஒரு டப்பாச் சாயத்துக்கு மேல் செலவாகாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் எழுதியிருக்கிறதா என்று துறை துறையாக வந்து பார்ப்போம்.