கேன்டீன் எங்கே சார்?

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு விநோதமான வியாபாரம் இருந்தது. கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது காசு கொடுத்து வாங்கிப் பிரித்த பிறகுதான் தெரியும். 1961-ஓடு முத்துக்குளிப்பு முடிந்துபோனது. ஏலம் மட்டும் நிற்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மதியம் பன்னிரண்டரைக்குப் போய்ப் பாருங்கள். பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் டப்பாக்களில் லெமன் சாதம், தயிர் சாதம். உள்ளே அலமாரியில் சாம்பார் சாதம், பொங்கல், ராஜ்மா என்று பளபள பாக்கெட்டுகள். ஹார்பர் பக்கத்து ஷிப்பிங் ஆபீஸ் பையன்களும் துணிக்கடைப் பெண்களும் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

இந்த ரெடிமேட் மதியச் சாப்பாடு, கொடுக்கிற காசுக்குத் தகுமா?

எப்போதாவது என்றால் தகும். தினமும் என்றால் தகவே தகாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், பாக்கெட் சாப்பாடு விஷம் என்று பூச்சாண்டி காட்டுகிறவர்கள் கட்சியில் நான் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல தொழில்நுட்பம் அது. சமைத்த உணவைப் பல அடுக்குப் பைக்குள் காற்றுப் புகாமல் அடைத்து, அழுத்தத்தில் 121 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். கிருமிகள் செத்துவிடும். கெடாமல் இருக்க ரசாயனம் தேவையில்லை. மைசூரில் உள்ள ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம் வளர்த்த வித்தை இது. பனிமலையில் நிற்கிற சிப்பாய்க்கு அடுப்பு கிடையாது. அவனுக்கு அது வரப்பிரசாதம். கேள்வி என்னவென்றால், தெருவுக்கு நாலு மெஸ் இருக்கிற ஊரில் நமக்கு எதற்கு சிப்பாய்ச் சாப்பாடு?

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. 300 கிராம் சாம்பார் சாத பாக்கெட் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சோறு தண்ணீர் குடித்து எடை கூடுகிற சமாசாரம். அதில் அரிசியும் பருப்பும் சேர்ந்து 100 கிராம் தேறினால் பெரிசு. அண்ணாச்சி கடையில் அரிசி கிலோ 60, பருப்பு 150 என்றே போடுங்கள். பத்து ரூபாய் வராது. எண்ணெய், காய், மசாலா எல்லாம் போட்டாலும் இருபதைத் தாண்டுவது கஷ்டம். மிச்சம் எண்பது எங்கே போனது? பைக்கு, லாரிக்கு, விளம்பரத்துக்கு, டீலர் கமிஷனுக்கு, கடையின் ஏ.சி.க்கு. கொள்ளை என்று சொல்ல மாட்டேன். எல்லாம் நியாயமான செலவுதான். ஆனால் அதில் ஒன்றும் உங்கள் வயிற்றுக்குள் போவதில்லை.

மாதம் 25 நாள் என்றால் 2,500 ரூபாய். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போனால் 5,000. வருஷத்துக்கு 60,000! அரைவயிற்றுச் சாப்பாட்டுக்கு.

பாக்கெட்டைத் திருப்பி 'சோடியம்' என்ற வரியையும் படியுங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊருக்கெல்லாம் உப்பு அனுப்புகிற தூத்துக்குடிக்காரன், அந்த உப்பையே சாம்பார் சாதத்துக்குள் வைத்து விலை கொடுத்து வாங்குகிறான். இதைவிடக் கூத்து உண்டா?

பில் கவுன்ட்டர் டப்பா இன்னும் மோசம். எத்தனை மணிக்குக் கட்டினார்கள் என்று பல டப்பாக்களில் எழுதியிருக்காது. நம் ஊர் வெக்கையில் சோறு மணிக்கணக்கில் கிடந்தால் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது கக்குகிற நஞ்சில் ஒரு வகை, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. இதுதான் நான் சொன்ன திறக்காத சிப்பி.

'அதான், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே உத்தமம்' என்று தலையாட்டுகிறீர்களா? இருங்கள். உங்கள் டிபன் பாக்ஸைக் கட்டியது யார்? எத்தனை மணிக்கு எழுந்தார்? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிஷம். ஆண்கள் 88. வீட்டுச் சாப்பாடு மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அதைச் சமைத்தவருக்கு யாரும் கூலி போடுவதில்லை என்பதுதான். வேலைக்கும் போய்விட்டு, விடியற்காலையில் இரண்டு டப்பாவும் கட்ட முடியாமல் பாக்கெட் வாங்குகிற பெண்ணைப் பார்த்து 'சோம்பேறி' என்கிறவர்கள், ஒரு வாரம் கரண்டி பிடித்துவிட்டு வந்து பேசட்டும்.

பாக்கெட்டும் வேண்டாம், அம்மா முதுகிலும் ஏற வேண்டாம் என்றால் வேறு என்னதான் வழி? வழி சட்டத்திலேயே இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம். அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அதை 100 பேர் என்று இறக்கியிருக்கிறது. அதுவும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து நூறு. சரக்குக் கிடங்கிலும் மீன் பதனிடும் கம்பெனியிலும் கான்ட்ராக்டில் நிற்கிற ஆட்களை எண்ணிப் பாருங்கள். நூறு தாண்டுகிற இடங்கள் எத்தனை? அங்கெல்லாம் சூடாகச் சோறு போட வேண்டியது முதலாளியின் கடமை. உங்கள் கையில் உள்ள பாக்கெட், அந்தக் கடமையை உங்கள் பர்ஸுக்கு மாற்றிவிட்ட ரசீது.

நூறுக்குக் குறைவான சின்னக் கடைகள்? அதற்கும் நம்மிடம் வழி இருக்கிறது. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம், சாம்பார் சாதத்தை 5 ரூபாய்க்கும் தயிர் சாதத்தை 3 ரூபாய்க்கும் போட்டது. நஷ்டம் என்று முணுமுணுக்கிறார்கள். தெருவிளக்கு என்ன லாபத்திலா எரிகிறது? விலையைக் கொஞ்சம் ஏற்றுங்கள், ருசியைக் கூட்டுங்கள், துறைமுக வாசலிலும் மார்க்கெட்டிலும் கூடுதலாகத் திறங்கள். சமைக்கிற பெண்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். 20, 30 ரூபாய் கொடுத்துச் சாப்பிட ஆள் இருக்கிறது.

நடக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1956-ல் காமராஜர் பள்ளிக்கூடத்து மதிய உணவைத் தொடங்கி வைத்தது எங்கே? இதே தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில். அன்றைக்கும் பணத்துக்கு எங்கே போவது என்றுதான் கேட்டார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கினார். 2022-ல் காலைச் சாப்பாடும் வந்தது. பிள்ளைகளுக்குச் சோறு போடத் தெரிந்த தமிழ்நாட்டுக்கு, அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குப் போடத் தெரியாதா?

மழை, பந்த், சிலிண்டர் தீர்ந்த நாள்... அதற்கு அலமாரியில் இரண்டு பாக்கெட் இருக்கட்டும். தப்பில்லை. மற்ற நாளில் அந்த டப்பாவை எடுப்பதற்கு முன், உங்கள் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"கேன்டீன் எங்கே சார்?"

தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறதா? நூறு பேராகக் கேளுங்கள். சட்டம் கேட்பதும் அந்த எண்ணிக்கையைத்தான்.