ஓடுற வரைக்கும் ஓடட்டுமா?



“ஓடுற வரைக்கும் ஓடட்டும்பா, அதுல கைய வெக்காதே!” பயிற்சிக்காகச் சிறு நிறுவனங்களுக்குப் போய் வந்த நம்மில் பலர் கேட்ட வாசகம் இது. ஏதோ லேத்தையோ மோட்டாரையோ பற்றிச் சொன்னதல்ல. அக்கவுண்ட்ஸ் அறையின் மூலையில் இருக்கும் பழைய பில்லிங் புரோகிராமைப் பற்றிச் சொன்னது!

டிப்ளமோ முடித்து வெளியே போனதும் புத்தம் புது மென்பொருள் எழுதப் போகிறோம் என்று கனவு காண்கிறோம். நம்மில் பெரும்பாலோருக்கு வாய்க்கப்போவது யாரோ எழுதி, வேறு யாரோ திருத்தி, பாதியில் விட்டுப் போனதைப் பழுது பார்க்கும் வேலைதான். அதை மட்டமாக நினைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டுப் பிரச்சினையைப் பற்றி நாம் கேள்விப்பட்டதோடு சரி. அப்போது நாம் பிறக்கவேயில்லை. 80 பத்திகளே கொண்ட துளை அட்டைக் காலத்தில், இடத்தை மிச்சம் பிடிக்க வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினார்கள். 99-க்குப் பிறகு 00 வந்தால் கணினிக்கு அது 1900! “ஒண்ணுமே நடக்கலையே, வெறும் புரளிதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. பெரிதாக ஒன்றும் நடக்காததற்குக் காரணம், ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தியதுதான். திருத்தத் தவறிய இடத்தில் என்ன ஆயிற்று? இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகக் கணினி 2000-இல் தாய்மார்களின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. 150-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குத் தவறான பரிசோதனை முடிவு போனது. இது விளையாட்டா?

நம் ஊர்களில் பெரும்பாலும் டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர்தான். இவற்றில் தேதிக்கென்று உள்ள ஃபீல்டு, வருடத்தை நான்கு இலக்கமாகத்தான் கோப்பில் எழுதும். திரையில் இரண்டு இலக்கம் அடித்தால் மட்டும் முன்னால் 19 சேர்த்துக்கொள்ளும். கிளிப்பரில் ‘செட் எபோக்’ என்று ஒரு வரி போட்டால் அது தீர்ந்தது. ஆனால் தேதியை ஆறு எழுத்துச் சொல்லாகப் போட்டு வைத்தவர்கள் பாடு திண்டாட்டம். இண்டெக்ஸில் 2000 ஜனவரி, 1999 டிசம்பருக்கு முன்னால் போய் நிற்கும். ஒவ்வொரு கோப்பு, ஒவ்வொரு ரிப்போர்ட்டாகத் தேடித் திருத்த வேண்டும்.

அவசரத்தில் சிலர் குறுக்கு வழி பிடித்தார்கள். 00 முதல் 19 வரை வந்தால் 2000-க்கள், 20 முதல் 99 வரை வந்தால் 1900-க்கள் என்று வைத்தார்கள். 2020 பிறந்ததும் அந்த ஒட்டு பிய்ந்தது! இருபது வருடத்துக்குள் யாராவது மாற்றிவிடுவார்கள் என்று நம்பினார்கள். அந்த ‘யாராவது’ வரவேயில்லை.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. ஒரு பேக்கேஜை வாங்கி, தன் கூலிக்கணக்குக்கும் தன் பில் வடிவத்துக்கும் ஏற்ப நிறுவனம் மாற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 1-1-2007-இல் வாட் வந்தது, ஒரு ஒட்டு. 1-7-2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது, இன்னொரு ஒட்டு. விற்றவர் புதிய பதிப்பு கொடுத்தாலும் போட முடியாது. போட்டால் நம் மாற்றங்கள் அழியும். போடாவிட்டால் புதிய வரியும் தேதியும் வராது. அடித்தளமோ அதற்குள் காலாவதி. ஃபாக்ஸ்புரோவுக்குப் புதிய பதிப்பு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் 2007-இல் அறிவித்து, 2015-இல் ஆதரவையும் நிறுத்தியது. பழைய டாஸ் புரோகிராம்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது.

இங்கேதான் உரிமம் குறுக்கே வருகிறது. பயிற்சிக்குப் போன இடத்தில் என்னிடமே கேட்டார்கள்: “தம்பி, கம்ப்யூட்டர்தானே படிக்கிறீங்க, இந்த லாக்கை உடைச்சுக் குடுங்க.” முடியாது என்றேன். அந்த முதலாளி கோபப்படவில்லை. “அப்ப காசு குடுத்து வாங்குனது என்னுது இல்லியா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி!

அவர் வாங்கியது பயன்படுத்தும் உரிமையை; மூல நிரலை அல்ல. பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்து வைக்க நம் காப்புரிமைச் சட்டம் அவரை அனுமதிக்கிறது. ஆனால் திருட்டுப் பிரதி என்று தெரிந்தே தொழிலில் பயன்படுத்தினால், 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதினால், எழுத்தில் மாற்றித் தராதவரை அது எழுதியவருக்கே சொந்தம். இது தெரியாமல் கையில் வெறும் ஓடும் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் ஏராளம்!

“எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு” என்பது சுலபமான பதில். அந்தப் பழைய நிரலுக்குள் இருபது வருடக் கூலிக் கணக்கின் நுணுக்கம் இருக்கிறது. அது வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எனவே என் யோசனைகள் இவை:

1. முதலில் படி, பிறகு தொடு. திருத்துமுன் முழுப் பிரதி எடு.
2. வருடத்தை எங்கும் நான்கு இலக்கத்தில் எழுது.
3. செய்த மாற்றத்தைத் தேதியோடு குறித்து வை.
4. மூல நிரல் யாருக்கு என்பதை வேலை தொடங்குமுன் தாளில் எழுதி வாங்கு.
5. லாக்கை உடைக்கச் சொன்னால், விற்றவரிடம் முறைப்படி கேட்கச் சொல்.

இதற்கெல்லாம் நம் வகுப்பறையில் பயிற்சி உண்டா? கிடையாது. இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் புதிதாக ஒன்றைச் செய்து காட்டுவதுதான் வழக்கம். ஒரு பழைய புரோகிராமைப் படித்து, பழுது நீக்கி, விளக்கக் குறிப்பு எழுதுவதையும் புராஜெக்டாக ஏற்க வேண்டும் என்று நம் பேரவை துறைத் தலைவர்களிடம் கோர வேண்டும்.

காலம் நிறைய இல்லை. 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை எண்ணும் 32-பிட் கடிகாரங்கள், 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு நிரம்பிவிடும். அன்றைக்கு அந்த ‘யாராவது’ நாமாகத்தான் இருப்போம். இப்போதே தயாராவோம், தோழர்களே!

— மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல்