இட்லி மாவும் மகேந்திரவர்மனும்

எங்கள் ஆபீஸில் செஞ்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் செல்போனைத் திறக்கிற ஜாதி. போன வாரம் இரண்டையுமே திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சா?"

"இல்ல ஸார். ஊர்ல மானம் போச்சு."

விஷயம் இதுதான். பொங்கல் லீவில் தேசூர் பக்கம் சீயமங்கலத்துக்குப் போயிருக்கிறான். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிற ஊர். முன்னால் பிற்காலத்து மண்டபங்கள் சேர்ந்துவிட்டதால் உள்ளே வெளிச்சம் கம்மி. செல்போன் டார்ச்சை அடித்து நாலு நிமிஷம் படம் எடுத்து, அதற்கு ஒரு வர்ணனையும் எழுதி, யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், எக்ஸ், வாட்ஸ்அப் என்று ஐந்து இடத்திலும் அப்படியே போட்டுவிட்டான். "ஒரே மேட்டர்தானே ஸார், எதுக்கு அஞ்சு தடவை உழைக்கணும்?"

நியாயமான கேள்வி. அரசாங்க ஆபீஸில் கார்பன் பேப்பர் வைத்து ஐந்து காப்பி அடித்த பரம்பரை நாம்.

வர்ணனையில்தான் வினை. 'செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலைக் கட்டினேன்' என்று ராஜா இங்கே கல்வெட்டில் சொல்லியிருப்பதாக எழுதிவிட்டான். ராஜா சொன்னது வாஸ்தவம். ஆனால் சொன்ன இடம் மண்டகப்பட்டு. அது செஞ்சிக்கு அந்தப் பக்கம், விழுப்புரம் போகிற வழி. ரிட்டயரான தமிழ் வாத்தியார் ஒருவர் யூடியூபில் சுட்டிக் காட்ட, பையன் உடனே அங்கே திருத்திவிட்டான். யோக்கியன்தான். மற்ற நாலு இடத்தை மறந்துவிட்டான்.

பதினைந்து நாள் கழித்து அந்தத் தப்பு, கைகூப்பிய படத்தோடு, 'படித்ததில் பிடித்தது' என்ற மகுடத்தோடு அவனுக்கே வாட்ஸ்அப்பில் திரும்பி வந்தது. அனுப்பியவர் சொந்தப் பெரியப்பா. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வெளியூர்க் குடும்பம் ஒன்று அதை நம்பி வேன் வைத்துக்கொண்டு சீயமங்கலம் போய், "அந்தக் கல்வெட்டு எங்கே, ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?" என்று குருக்களைக் குடைந்து எடுத்துவிட்டது. குருக்கள் பையனுடைய அப்பாவுக்கு ஸ்நேகிதர். பொங்கல் கரும்பு வாங்கியதிலிருந்து அப்பா எல்லாவற்றையும் இழுத்துத் திட்டியிருக்கிறார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டியா?"

"எங்க ஸார் அழிக்கிறது?"

அதுவும் சரிதான். யூடியூபில் தலைப்பையும் வர்ணனையையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதே இணைப்பில் வேறு படத்தை வைக்க முடியாது. எக்ஸில் காசு கட்டாதவன் போட்டதைத் திருத்தவே முடியாது. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பியதை அழித்தாலும், பெரியப்பா நாலு பேருக்குத் தள்ளிவிட்டது தள்ளிவிட்டதுதான். ஐந்து இடத்தில் ஒரே அமுக்கில் போட்டுவிடலாம். திருத்துவதற்கு ஐந்து தடவை நடக்க வேண்டும், ஐந்தாவது வாசலில் கதவும் இருக்காது.

சரக்கை மறுபடி உபயோகிக்கிறதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இட்லி மாவு இல்லையா? முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்த பிறகு வெங்காயம் தூவி ஊத்தப்பம். மாவு ஒன்றுதான். ஆனால் தோசையை இட்லித் தட்டில் வார்த்த மகராசி யாராவது உண்டா? இவன் அதைத்தான் செய்திருந்தான். அகலப் படத்தை அப்படியே ரீல்ஸில் போட, மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் தபால்தலை சைஸில் கோயில். இன்ஸ்டாகிராம் வர்ணனையில் யூடியூப் இணைப்பு வேறு. அது அங்கே தொட்டால் திறக்காது, சும்மா எழுத்து.

2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் இங்கே ரீல்ஸ், செப்டம்பரில் ஷார்ட்ஸ். ஜனங்கள் பழைய படங்களையே மூட்டை கட்டிக்கொண்டு குடிபோனார்கள், மூலையில் பழைய ஆப்பின் முத்திரையோடு. 2021 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம், வேற்றுக்கடை முத்திரை தெரிகிற ரீல்ஸைப் பிறருக்குக் காட்டுவதைக் குறைப்போம் என்று அறிவித்தது. எச்சில் இலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள்!

இந்த வித்தையில் கெட்டிக்காரர் யார் என்றால், பையன் படம் பிடிக்கப் போன அதே ராஜாதான். 7-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பாறையைக் குடைந்து கோயில் எடுப்பது என்ற ஒரே யோசனையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஆனால் ஒரே போர்டை எங்கும் மாட்டவில்லை. தம் பட்டப்பெயர்களில் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டார். சீயமங்கலத்தில் அவனிபாஜன பல்லவேஸ்வரம், மண்டகப்பட்டில் லக்ஷிதாயதனம், திருச்சியில் லலிதாங்குரன் பேர், தளவானூரில் சத்ருமல்லன் பேர். தளவானூரில் இன்னொரு விசேஷம். அங்கே வடமொழிச் செய்யுளும் இருக்கிறது, தமிழ் வெண்பாவும் இருக்கிறது. சேதி ஒன்றேதான். ஆனால் தமிழ் வெண்பாவில் மட்டும் கோயில் எந்த ஊருக்குத் தென்பக்கம் என்ற குறிப்பு உண்டு. வழி கேட்டு வருகிறவன் தமிழில்தானே கேட்பான்!

அந்த மாதிரி ஒரு ஊர்க்குறிப்பை நம்ம பையன் சரியாகப் போட்டிருந்தால் வேன் வாடகை மிஞ்சியிருக்கும்.

சீயமங்கலத்து அரைத்தூண் ஒன்றில் சின்னதாக ஒரு சிவன் ஆடுகிறார். தமிழ்நாட்டுக் கல்லில் கிடைக்கிற ஆடும் சிவன்களில் மிகப் பழையவர்களில் ஒருவர். இதே ஆட்டம் சோழர் காலத்தில் வெண்கலத்துக்குப் போனபோது சுற்றிலும் திருவாசி வந்தது, பீடத்தில் கழி செருகத் துவாரம் வந்தது. ஏனென்றால் அவர் தெருவில் ஊர்வலம் போகிறவர், நாலாபக்கமும் பார்ப்பார்கள். 2004-ல் ஜெனீவா பக்கம் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் இந்தியா கொடுத்த நடராஜர் 2 மீட்டர் உயரம். அங்கே பக்கத்தில் விஞ்ஞானிகளுக்காக ஒரு விளக்கப் பலகையும் உண்டு.

இதையெல்லாம் சொன்னதும் பையனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்து டப்பாவைத் திறந்தான். தயிர் சாதம். சாப்பிட்டுக்கொண்டே ஒரு காகிதத்தில் எங்கெங்கே போட்டோம் என்று எழுதினான். ஐந்து என்று நினைத்தது, குடும்ப குரூப், காலேஜ் குரூப் எல்லாம் சேர்ந்து பதினொன்று வந்தது. ரீல்ஸுக்கு அந்தத் தூண் சிவனை மட்டும் நெட்டுவாக்கில் நறுக்கினான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதில் ஒரே வரி: 'அந்தக் கல்வெட்டு மண்டகப்பட்டில். தப்பு என்னுடையது.' குருக்களுக்குப் போன் போட்டு மன்னிப்பும் கேட்டான். அதை மட்டும் எந்த ஆப்பிலும் போடவில்லை.

குடும்ப குரூப்பில் திருத்தம் போன இரண்டாவது நிமிஷம் பெரியப்பாவின் கட்டைவிரல் வந்தது. மூன்றாவது நிமிஷம், அதற்குக் கீழேயே, பழைய வர்ணனையை மறுபடி அனுப்பியிருந்தார். படித்ததில் பிடித்தது.