வீட்டிலிருந்த தந்தையின் பழைய நோய்

பள்ளி விடுமுறையில் வெளிநாடு சென்ற ஆசிரியரொருவர், சிங்கப்பூரில் தந்தைக்கு மாரடைப்பெனக் கேட்டு மூன்றாம் நாளே திரும்புகிறார் எனக் கொள்வோம். வீணான விடுதிக் கட்டணத்தைப் பயணக் காப்புறுதி ஈடுசெய்யுமா? செய்யாது என்பதே பல காப்புறுதிப் பத்திரங்களின் விதி. தந்தைக்கு முன்னரே இதயநோய் இருந்ததாம்! பயணம் செய்தவர் மகன். கட்டணம் செலுத்தியவரும் மகன். நோய் விசாரணையோ வீட்டிலிருந்த முதியவர்மீது! எழுபது வயதில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத பெற்றோர் நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கின்றனர்?

இடரைக் கணக்கிட இயலாது என்பர். முன்னிருந்த நோயையும் ஏற்கும் பயணக் காப்புறுதி கூடுதல் கட்டணத்துக்குச் சிங்கப்பூரிலேயே விற்கப்படுகிறதே! கணக்கிடாமலா விற்கின்றனர்? விளம்பரத்தில் குடும்ப அவசரத்தைப் பெரிதாக அச்சிடுவோர், இவ்விலக்கையும் அதே அளவு எழுத்தில், முதற்பக்கத்தில், தமிழிலும் அச்சிடட்டும்.