மன்னாரில என்ன இருக்கு?

என் தங்கையின் பிள்ளைகள் சுவிஸில், பாசல் நகரத்தில் வளர்கிறவர்கள். போன ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்தபோது, மதவாச்சியில் திரும்பி, தள்ளாடி கடந்து, கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் பாதையில் வாகனம் ஏறும்வரை மூத்தவள் ஒரு தீவைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். அந்தத் தீவில் ஆறு கைகளோடு ஒரு பேய்க்கணவாய் இருக்கிறதாம், பெயர் ஸ்னோரி. கடலுக்குள் மூழ்கிப்போன நகரம் ஒன்று இருக்கிறதாம். ஒரு பெரிய கடற்பாம்பின் எலும்புக்கூட்டைத் தன் கண்ணால் பார்த்தாளாம். பிறகு இரண்டு பக்கமும் தெரிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுவும் தீவுதானே மாமா? இதுக்கு என்ன கதை?"

வாயைத் திறந்தேன். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

அவள் சொன்ன தீவு எந்த உலகப் படத்திலும் இல்லை. ஜேர்மனியில் றுஸ்ட் என்ற சின்ன ஊரில் 1975 முதல் ஐரோப்பா பார்க் நடக்கிறது. அதன் சொந்தக்காரரான மாக் குடும்பத்தார் 2019 நவம்பரில் பக்கத்திலேயே றுலான்ரிக்கா என்ற நீர்ப்பூங்காவைத் திறந்தார்கள். பாசலிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம்தான். சுவிஸில் இருக்கிற எங்கள் சனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற இடம். சறுக்கு, அலைக்குளம், மிதவை எல்லாம் எந்த நீர்ப்பூங்காவிலும் உள்ளவைதான். பிள்ளை அவற்றில் ஒன்றைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அவள் மனதில் நின்றது கதை. வடநாட்டுக் கடலில் மறைந்துபோன ஒரு தீவு என்று ஒன்றைக் கற்பனை செய்து, பாறை, விளக்கு, சத்தம், ஒவ்வொரு மூலைக்கும் இட்ட பெயர் எல்லாவற்றையும் அந்த ஒரே கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்திலுள்ள ஹோட்டலையே அந்தத் தீவின் பழம்பொருட்களை வைத்திருக்கும் நூதனசாலை மாதிரிக் கட்டி, உள்ளே கடற்பாம்பின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இல்லாத மிருகத்தின் எலும்பு. அதைப் பார்த்த பிள்ளை ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் கடலில் ஆவுளியா இருக்கிறது. கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுக்கிற உயிர். அழிந்துகொண்டு வருகிறது. அதன் எலும்பு ஒன்றைக் காட்டி, இது இப்படி வாழ்ந்தது என்று பிள்ளைக்குச் சொல்ல, நான் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

முதல் நாள் பள்ளிமுனைப் பெருக்க மரத்துக்குப் போனோம். 19 மீற்றருக்கு மேல் சுற்றளவு. ஒட்டகத் தீனிக்காக அராபிய வணிகர் கொண்டுவந்த மரம் என்பது ஊர் வழக்கு. ஆபிரிக்காவில் முளைக்க வேண்டிய மரம் எங்கள் கரையில் பல நூறு வருடமாக நிற்கிறதென்றால் அதற்குள் எத்தனை பாய்க்கப்பல், எத்தனை காற்று, எத்தனை சரக்கு! நாங்கள் அங்கே நின்றது பத்து நிமிடம். மச்சான் படம் எடுத்தார். சின்னவன் தண்ணி கேட்டான். திரும்பி வந்துவிட்டோம். கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. இந்த இரண்டு வருடத்தையும் நான் சொன்னேன், பிள்ளைகள் தலையாட்டினார்கள். வருடத்தைக் கேட்டு எந்தப் பிள்ளைக்குக் கண் விரியும்? தலைமன்னாருக்குப் போனோம். 1914இலிருந்து கொழும்பில் ரயில் ஏறி, இங்கே கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் இறங்கி, மறுபடி ரயிலில் சென்னைவரை போன வழி அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. நாங்கள் போன அன்று பழைய இறங்குதுறையில் துருவேறிய இரும்பும் சோளகக் காற்றும்தான் இருந்தன. என் தாத்தா இந்த இடத்தில் பெட்டியோடு நின்றவர் என்றேன். "எந்த இடத்தில?" என்றாள் மூத்தவள். காட்டமுடியவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது மச்சான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான், சொன்னார்: "மன்னாரில என்ன இருக்கு? ஒரு மரமும் கொஞ்சக் கழுதையும்." கழுதை எங்கள் ஊரின் செல்வம், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு நாங்கள் காட்டியது அவ்வளவுதான்.

முத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் ஆத்திரம் ஆறாது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைக்கு முன்னால் கிடக்கும் முத்துப்பார்களில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலம் ஒன்று. வாடை ஓய்ந்து சோளகம் எழும்ப முன்னம், கடல் படுத்திருக்கும் அந்த மாதங்களில், வெறும் மணல் மேட்டில் கிடுகுக் கொட்டில்களாலேயே ஒரு நகரம் எழும்பும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் முத்துக்குளிக்கிறவர்கள் வருவார்கள். இரவில் வெடி கேட்டதும் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் போகும். பகலில் கடற்காற்று அவற்றைத் திருப்பிக் கொண்டுவரும். குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூக்கைப் பொத்தி, அந்தப் பாரத்தோடு கீழே இறங்குவார். ஒரு நிமிடம் அளவு. கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருக்கிறவர் இழுப்பார். அந்த ஒரு நிமிடமும் ஓர் உயிர் இன்னொருவர் கையில் தொங்கும். சுறா வாய் கட்ட மந்திரம் சொல்லக் கடல்கட்டி இருப்பார். அவர் இல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை அரசாங்கம் எடுக்கும். பிறகு சிப்பி அழுகும்வரை காத்திருப்பு, ஈ, காத தூரம் வீசும் நாற்றம். 1905இல் மட்டும் எட்டுக் கோடி அளவு சிப்பி கரையேறியது. அடுத்த வருடம் அங்கே மேற்பார்வைக்கு வந்த 25 வயது வெள்ளைக்கார உத்தியோகத்தர் லெனார்ட் வுல்ஃப். அந்த அனுபவத்தை அவர் பின்னாளில் எழுதினார். பின்னாளில்தான் வெர்ஜினியா வுல்ஃபின் கணவரும் ஆனார்.

இந்தக் கதையில் எது குறைகிறது? பயம் இருக்கிறது, பேராசை இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, அதிர்ஷ்டம் இருக்கிறது. கல்லோடு தண்ணீருக்குள் இறங்குகிற அந்த ஒரு கணத்தை வைத்தே ஒரு நீர்ப்பூங்கா முழுவதையும் கட்டலாம். பிள்ளை சறுக்கின் உச்சியில் நிற்கும்போது காலடியில் அந்தக் கல்லைக் கண்டால் போதும், அவளுக்கு வயிறு கலங்கும்.

மற்றவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1863இல் பாரிஸ் மேடையில் பிஸே என்ற இளைஞர் இலங்கையின் முத்துக்குளிப்பவர்களைப் பற்றி ஓர் இசை நாடகம் போட்டார். அந்தக் கதை முதலில் மெக்சிக்கோவில் நடப்பதாகத்தான் நினைக்கப்பட்டது. பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். எங்கள் கரையை மிதித்தறியாதவர்கள், எங்கள் முத்தின் பெயரால் நூற்றாண்டு தாண்டியும் அரங்கை நிரப்புகிறார்கள். 2008இல் ஸ்பெயினுக்குச் சேர்ந்த தெனெரீஃப் தீவில் சியாம் பார்க் என்று தாய்லாந்துக் கூரைகளும் சிலைகளுமாக ஒரு நீர்ப்பூங்கா திறந்தபோது, தாய்லாந்து இளவரசியே போய்த் திறந்துவைத்தார். அட்லாண்டிக் நடுவில் அவர்கள் முகம் தெரிகிறது. எங்கள் வீட்டு வாசலிலேயே எங்கள் முகம் தெரியவில்லை.

சரி, இங்கே ஒன்றும் கட்டவில்லையா? கட்டுகிறார்கள். அதுதான் இன்னும் எரிகிறது. பிள்ளைகள் குளிக்க ஆசைப்பட்டதால், எங்கள் பக்கத்தில் புதிதாகத் தண்ணீர் விளையாட்டுக்கென்று திறந்த ஓரிடத்துக்குப் போனோம். யாருடையது என்று சொல்லமாட்டேன். முதல் போட்டவர் கடன்பட்டுத்தான் கட்டியிருப்பார், அவருக்குக் கைகொடுக்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். தண்ணீர் சுத்தம். பொடியள் மரியாதையாக நடந்தார்கள். ஆனால் வாசலில் சீமெந்துக் கரடி. குளத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தென்னை. தீவு முழுக்கப் பனை நிற்கிறது, ஐயா! வேலிக்கு அப்பால் வடலி காற்றில் சலசலக்கிறது, வேலிக்கு இப்பால் பிளாஸ்டிக் ஓலை. ஒலிபெருக்கியில் ஹிந்திப் பாட்டு. சாப்பிட பிறைட் றைஸ். பனங்கிழங்கு இல்லை, ஒடியல் கூழ் இல்லை, கணவாய்க் கறி இல்லை. சின்னவன் கரடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது ஏன் இங்க நிக்குது?" ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றிய கேள்வி, படம் கீறியவருக்கும் அனுமதி கொடுத்தவருக்கும் தோன்றாமல் போனதேன்?

வெளியார் மன்னாருக்குக் கொடுத்த முகமும் ஒன்று இருக்கிறது. 2020 கடைசியில் தென்கரையில் 30 காற்றாலைகள் எழும்பின. இலங்கையின் பழைய பெயரான தம்பபண்ணியை நினைவூட்டத் தம்பபவனி என்று பெயரும் வைத்தார்கள். இப்போது பயணிகள் எடுக்கும் படத்திலெல்லாம் அவைதான். இன்னும் வேண்டாம், மணலையும் அள்ள வேண்டாம் என்று 2025இல் எங்கள் சனம் நாள்கணக்கில் தெருவில் இருந்தது. அது தனிக் கதை, இங்கே அடங்காது. ஆனால் எங்கள் ஊரின் தோற்றத்தைத் தீர்மானிப்பவர்கள் எங்களைக் கேட்பதில்லை என்கிற நோவு ஒன்றுதான்.

"சனம் சாப்பாட்டுக்கே கஷ்டப்படுது, உமக்குக் கதையும் அலங்காரமும் கேக்குதோ?" என்று ஊரில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யுத்தம் எங்களிடமிருந்து எடுத்தவை கொஞ்சமல்ல. 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் மறுபடி ஓட 2015 ஆனது. ஆனால் ஐயா, இரண்டு நாள் நிற்கவேண்டிய பயணி அரை நாளில் திரும்பினால் நட்டம் யாருக்கு? ஓட்டோக்காரருக்கு, கருவாடு விற்கிற அக்காவுக்கு, பனையோலைப் பெட்டி இழைக்கிற கைக்கு. நான் கோடிக்கணக்கில் கேட்கவில்லை. திருக்கேதீச்சரத்தையும் மடுவையும் காட்சிப் பொருளாக்கச் சொல்லவில்லை. கும்பிடுகிற இடம் கும்பிடுகிற இடமாக இருக்கட்டும். துறையில் ஒரு நிழல், ஒரு குடிநீர்க் குழாய், மூன்று மொழியில் கதை எழுதிய நல்ல பலகை, கல்லும் கயிறும் வலைப்பையும் வைத்த ஓர் அறை, அதைச் சொல்லத் தெரிந்த இரண்டு உள்ளூர்ப் பிள்ளைகள். இதைக்கூடக் கேட்கக் கூடாதா?

கடைசி நாள் பின்னேரம் மூத்தவளை மட்டும் அரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. புத்தகங்களில் டொரிக் என்பார்கள், ஊரில் அது அல்லிராணி கோட்டை. அந்தப் பெயர் எங்கள் சனம் வைத்தது, எவருடைய காசும் இல்லாமல். கரை அரித்து அரித்துச் சுவர்கள் மேட்டின் விளிம்புக்கு வந்துவிட்டன. அங்கே இருந்து கல்லையும் கயிற்றையும் கடல்கட்டியையும் சொன்னேன். அவள் இடையில் ஒரு தடவையும் போனை எடுக்கவில்லை. சுவரில் பூசியிருப்பது சிப்பி சுட்ட சுண்ணாம்பு என்றதும் கையால் தடவிப் பார்த்தாள்.

"அந்தக் கல் எங்க மாமா இருக்கு?"

இங்கே இல்லை என்றேன்.

கீழே உதிர்ந்து கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். பழைய கட்டடத்திலிருந்து எடுக்கக் கூடாது, திரும்ப வை என்று சொல்லத்தான் நினைத்தேன். அது கிடந்த இடத்திலிருந்து விளிம்பு ஓரடிகூட இல்லை. கீழே சோளகத்துக் கடல் மேட்டை இடித்துக்கொண்டிருந்தது.